இத யாரு யூஸ் பண்றாங்க?

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. நாலு பேருக்குத் தெரிய அவசியமில்லாத எதுவும் வெளியே கிடக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பெயரும் அதில் அடக்கம். எழுதினால் எப்படியும் மோப்பம் பிடித்து என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பேர உங்கிட்ட யாரு கேட்டா?" என்பார். ஆகவே ஆபீஸில் நான் அவருக்கு வைத்த பட்டப்பெயரையே இங்கேயும் வைத்துக்கொள்கிறேன். நோ மேடம்.

அப்போது நான் மயிலாப்பூரில், லஸ்ஸை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்த ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆடிட்டர் சார் ஐம்பதைத் தாண்டியவர். மனைவி இறந்து பல வருஷம் ஆயிற்று. சட்டைப் பையில் எப்போதும் கபாலி கோயில் விபூதிப் பொட்டலம் இருக்கும். யோசனை வந்தால் பிரிப்பார், கவலை வந்தால் பிரிப்பார், வேலையில்லாவிட்டாலும் பிரிப்பார். வருமான வரிச் சட்டத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். ஆனால் ஒரு மெயிலில் ஒரு ஃபைலைச் சேர்த்து அனுப்ப வேண்டுமென்றால் "ஏம்மா, இங்க கொஞ்சம் வாயேன்" என்று என்னைக் கூப்பிட்டாக வேண்டும். ஆபீஸில் நான் மதித்த இன்னொரு ஜீவன் தனம் அக்கா. பெருக்குவது, துடைப்பது, காபி கொண்டுவருவது எல்லாம் அவர் வேலை. ஊர் வம்பைக் கொண்டுவருவது சம்பளத்தில் சேராத சேவை.

பக்கத்துத் தெருவில் இன்னொரு ஆடிட்டருக்கு ஒரு விபரீதம் நடந்தது. முகம் தெரியாத எவனோ இன்டர்நெட் வழியாக உள்ளே புகுந்து, கம்ப்யூட்டரில் இருந்த அத்தனை ஃபைலையும் பூட்டிவிட்டு, சாவிக்கு விலை கேட்டான். அதைக் கேட்டதும் எங்கள் சார் ஆள் தேட ஆரம்பித்தார். எத்தனையோ குடும்பங்களின் வரவு செலவு, பத்திரம், பான் கார்டு எல்லாம் எங்கள் ஆபீஸில் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன. யாரோ சொல்லித்தான் நோ மேடம் வந்தார். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாக அங்கேயே இருக்கிறார், நெட்வொர்க் வேலையில் பெரிய கை என்று அவர் வருவதற்கு முன்பே தனம் அக்கா விவரம் திரட்டிவிட்டார்.

முதல் நாள் வந்ததும், "ரூட்டர் எங்க?" என்றார்.

நாங்கள் எல்லோரும் சாமி அலமாரியைக் காட்டினோம். பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. வியாபாரத்தை மூடிய ஒரு வாடிக்கையாளரிடமிருந்து சார் சகாயமாக வாங்கிய பழைய, கனத்த பெட்டி. உடம்பெல்லாம் சந்தனம், குங்குமம், காய்ந்த சாமந்தி.

"இதுக்கு யாரு பொட்டு வெச்சது?"

"நான்தாம்மா" என்றார் தனம் அக்கா. "ஆயுத பூஜைக்கு வெச்சேன். இன்னா, தப்பா?"

"பொட்டு வெச்சது தப்பில்ல. காத்துப் போற ஓட்டைல வெச்சிருக்கீங்க. அது மூச்சு விட வேணாமா?"

பையிலிருந்து ஸ்பிரிட் நனைத்த துணியை எடுத்து, ஒரு குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல் ரூட்டரைத் துடைத்தார். பிறகு அதன் எதிரில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்தார். ஆபீஸ் இன்டர்நெட் முழுக்க அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது என்பதும், அதை ஒரு கட்டளைத் திரையில் உட்கார்ந்து அதட்டி மேய்க்கலாம் என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். தொழிற்சாலையிலேயே அதற்குள் ஏகப்பட்ட சேவைகளைத் திறந்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம். வாங்கினவனுக்கு எது வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு மிச்சத்தை மூட வேண்டும். எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவரும் மூடவில்லை, நாங்களும் மூடவில்லை. பாஸ்வேர்டுகூடத் தொழிற்சாலை வைத்ததுதான்.

"சார், இந்த சர்வீஸ யாரு யூஸ் பண்றாங்க?"

"அது என்னன்னே தெரியலையே, மேடம்."

"அப்ப மூடலாமா?"

"மூடுங்கோ, மூடுங்கோ."

அடுத்தது. மறுபடி அதே கேள்வி. மறுபடி அதே மூடுங்கோ. நான் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். மூட வேண்டியதன் பெயரை டைப் அடித்து அதற்கு முன்னால் 'நோ' என்று போட்டால் அது மூடிக்கொள்கிறது. திரை முழுக்க வரிக்கு வரி நோ, நோ, நோ. வேறு என்ன பெயர் வைப்பது?

ஒரு சேவை வேடிக்கையானது. வெளியிலிருந்து யார் கேட்டாலும், இப்போது உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சமர்த்தாகச் சொல்லிவிடுமாம். அதை அவர் விளக்கியபோது சாரும் நானும் ஒரே நேரத்தில் தனம் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம்.

"இன்னாத்துக்கு என்னிய பாக்கறீங்கோ?" என்றார் அக்கா.

கடைசியாக டெல்நெட் என்று ஒன்று வந்தது. அதுதான் ரூட்டருக்குள் போவதற்கான பழைய வழி. அதில் பாஸ்வேர்டை அடித்தால், போஸ்ட் கார்டில் எழுதிய சமாசாரம் மாதிரி, வழியில் நிற்கிறவன் எல்லாம் படிக்கலாம் என்றார். சார் பதறிப்போய் "மொதல்ல அத மூடுங்கோ" என்றார்.

"அப்படியே மூடக் கூடாது சார். இது வேணுங்கற வழி. நாளைக்கு நான் உள்ள போய்ப் பாக்க வேணாமா? யாரும் யூஸ் பண்ணாதத மூடணும். ஒருத்தர் யூஸ் பண்றாங்கன்னா, அவங்களுக்குப் பத்திரமான வேற வழி குடுத்துட்டுத்தான் இத மூடணும். இல்லன்னா அவங்க சொவரேறிக் குதிப்பாங்க."

பத்திரமான வழியைப் போட்டுக் கொடுத்து டெல்நெட்டை மூடினார். பின்னறையில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரிலிருந்து மட்டும்தான் ரூட்டருக்குள் போகலாம், வேறெங்கிருந்தும் முடியாது என்று ஒரு பூட்டும் போட்டார். புதிய பாஸ்வேர்டைச் சாரிடம் மட்டும் சொன்னார். ஆபீஸ் அவருடையது அல்லவா?

மூடுகிற புத்தி ரூட்டரோடு நிற்கவில்லை. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் போகிற போக்கில் அணைப்பார். லேப்டாப் கேமரா மேல் பிளாஸ்திரி. அவருடைய பையில் எத்தனை ஜிப் உண்டோ அத்தனையும் எப்போதும் இழுத்து மூடியிருக்கும். ஒரு பேனா வேண்டுமென்றாலும் திறந்து, எடுத்து, மூடி, எழுதி, திறந்து, வைத்து, மூடுவார். ஒருநாள் மத்தியானம் நானும் அவரும் மாடவீதிப் பக்கம் ஹோட்டலுக்குப் போனோம். சர்வர் மூச்சுப் பிடித்து "இட்லி, வடை, பொங்கல், பூரி, கிச்சடி..." என்று ஆரம்பித்தார். நோ மேடம் கை காட்டி நிறுத்தினார். "இட்லி இருக்குல்ல? அதோட நிறுத்திக்கங்க." பாவம், அந்த மனிதர் ரவா தோசையைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

தனம் அக்காவின் வம்பும் அவரிடம் செல்லுபடியாகவில்லை. "அந்த மூணாவது ஊட்டு பொண்ணு இல்ல..." என்று அக்கா ஆரம்பித்தால், "அது எனக்கு எதுக்கு?" என்பார். கோபமில்லாமல்தான் சொல்வார். அக்கா வாயைத் திறந்தபடியே நிற்பார்.

காபி விஷயத்தில்தான் எனக்கு அவர்மேல் மனத்தாங்கல். எங்கள் ஆபீஸில் அவர் ஒரு வாய் காபி குடித்ததில்லை. ஃபிளாஸ்க்கில் தாமே கொண்டுவருவார். ஏன் மேடம் என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

"கஸ்டமர் ஆபீஸ்ல குடிக்கறதில்லம்மா. காபி குடிச்சா பேச்சு வரும். பேச்சு வந்தா வீட்டுக்குக் கூப்பிடுவாங்க. வீட்டுக்குப் போய்ச் சாப்ட்டுட்டு வந்தேன்னு வெய்யி, அப்புறம் அவங்க தன்னோட பேரையே பாஸ்வேர்டா வெச்சாலும் என்னால திட்ட முடியாது."

சார் அப்போது தன் அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படித்தார் என்று சொல்வதைவிடப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது சரி.

நோ மேடத்தின் இன்னொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ரூட்டரில் ஆபத்தான எந்த மாற்றம் செய்வதற்கு முன்பும், "பத்து நிமிஷம் கழிச்சு நீயாவே ஒருதரம் அணைஞ்சு எரி" என்று அதற்கு ஒரு கட்டளை கொடுத்துவிடுவார். அதற்கு ரீலோட் என்று பெயர். மாற்றம் சரியாக இருந்தால், கட்டளையை ரத்து செய்துவிட்டு, மாற்றத்தை நிரந்தரமாக எழுதி வைப்பார். தப்பாகிப் போனால் ஒன்றும் செய்ய வேண்டாம். பத்து நிமிஷத்தில் ரூட்டர் அணைந்து எரியும். எழுதி வைக்காத மாற்றமெல்லாம் மறந்துபோகும். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அதை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம். ஒருநாள் பூட்டில் ஏதோ மாற்றும்போது ஒரு எண்ணைத் தவறாக அடித்துவிட்டார். உள்ளே போக அனுமதி உள்ள கம்ப்யூட்டராக, இல்லவே இல்லாத ஒரு கம்ப்யூட்டரைக் குறித்துவிட்டார் போலிருக்கிறது. அவர் உட்கார்ந்திருந்த திரை அப்படியே உறைந்தது. தம்மையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டார்.

"இப்ப என்ன பண்றது?" என்று சார் பின்னறைக்கும் முன்னறைக்குமாக நடந்தார். பொட்டலத்தைப் பிரித்து நெற்றி நிறைய அப்பிக்கொண்டார்.

நோ மேடம் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபியை ஊற்றிக்கொண்டார். "உக்காருங்க சார். ரீலோட் போட்டிருக்கேன்."

சார் எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ரூட்டர் விளக்குகள் அணைந்தன, பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. திரை திரும்பி வந்தது.

"பாத்தீங்களா, நான் பண்ணின தப்ப அதுவே மறந்துடுச்சு. மனுஷங்ககிட்ட இந்த வசதி இல்ல. அதான் நான் அந்தப் பக்கம் போறதேயில்ல" என்றார் சிரித்துக்கொண்டே.

சார் சிரிக்கவில்லை. அந்தச் சில நிமிஷம் எதிரெதிரே உட்கார்ந்திருந்ததிலேயே அவர் இன்னும் இருந்தார்.

ஒரு தடவை ஏதோ கடிதத்தில் நோ மேடத்தின் கையெழுத்து வாங்க என்னைச் சாந்தோமுக்கு அனுப்பினார்கள். அவருடைய ஃப்ளாட் வாசலில் போய் நின்றால் காலிங் பெல் இல்லை. இருந்த இடத்தில் ஒரு வெற்று மூடி மட்டும். ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. அவருடைய ஃபோனில் அவர் சேர்த்து வைத்திருக்கிற சிலருடைய எண்ணிலிருந்து வந்தால்தான் மணி அடிக்கும். மற்றவர்கள் எல்லாம் மெயில் எழுத வேண்டும். கதவைத் தட்டித் தட்டி என் விரல் முட்டி சிவந்த பிறகு திறந்தார்.

"ஏன் மேடம் பெல்லு இல்ல?"

"இருந்துச்சு. யாரு யூஸ் பண்றாங்கன்னு ஒரு மாசம் பாத்தேன். சோப்பு விக்கறவங்க, வீடு தப்பி வந்தவங்க, பக்கத்து வீட்டு வாண்டுங்க. கழட்டிட்டேன்."

வீடு சுத்தமாக இருந்தது. கடற்காற்று வரக்கூடிய ஜன்னல் சாத்தியிருந்தது. ஒரு நாற்காலிதான் இருந்தது. என்னை அதில் உட்காரச் சொல்லிவிட்டு நின்றபடியே கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது எனக்கு என்னவோ மனசு கஷ்டமாக இருந்தது. சாரிடம் கடிதத்தைக் கொடுத்தபோது, "அவா ஆம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஒரு நாற்காலி இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல?

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை நோ மேடம் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தார். அன்று கிறிஸ்தவர்களுக்குச் சாம்பல் புதன். காலையில் மாதா கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார். தனம் அக்கா அவர் நெற்றியைப் பார்த்தார், சார் நெற்றியைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுவும் துன்னூறுதானே?"

"ஆமா தனம். ரெண்டும் ஒண்ணுதான். கடைசில சாம்பல்தான்னு ஞாபகப்படுத்தறது."

அந்த நேரத்தில் சாருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செத்த பிறகு சாம்பலாவோம் என்று கேட்டு ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. நோ மேடம் போனதும் அக்கா என் காதில் சொன்னார். "சார் மூஞ்சில இன்னா பல்பு எரியுது பாத்தியா? நான் சொல்றேன் பாரு, இன்னாமோ கீது."

இன்னாமோ இருக்கத்தான் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் ரூட்டருக்குப் பேய் பிடித்தது.

மூடிய கதவுகள் தாமாகத் திறந்துகொள்ள ஆரம்பித்தன. முதலில் டெல்நெட் திறந்தது. கண்டுபிடித்ததும் சார், மெயில் எழுதிக் கூப்பிட்டதும் சார். "மேடம், டெல்நெட் தொறந்துண்டுடுத்து போலருக்கு" என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் திகைத்துப்போனேன். மெயிலில் ஃபைல் சேர்க்கத் தெரியாதவருக்கு டெல்நெட் திறந்தது எப்படித் தெரிந்தது? நோ மேடம் வந்தார், பின்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார், மூடினார், போனார். கொஞ்ச நாளில் அந்த வம்பு பேசுகிற சேவை திறந்துகொண்டது. மறுபடி வந்தார். அதற்குப் பிறகு இன்னொன்று. அவர் வருகிற நாளில் சார் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். ஒருநாள் காதோர நரை திடீரென்று கறுத்திருந்தது.

"அந்தம்மா ஊட்லேந்தே மூட முடியாதா? இதுக்கோசரம் அலைஞ்சுகினு கீறாங்களே" என்று அக்கா என்னிடம் கேட்டது அவர் காதிலும் விழுந்தது.

"வெளிய இருந்து வர வழி வெச்சா, அது இன்னொரு கதவு தனம். அதையும் யாராவது காவல் காக்கணும்" என்றார் நோ மேடம்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. எதைப் பார்த்தாலும் யார், எதற்கு என்று குடைகிறவர், யார் திறந்தது என்று மட்டும் கேட்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் கீபோர்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். ஸ்பிரிட் துணியால் துடைப்பார். மூடிவிட்டுப் போவார். அந்தக் கீபோர்டை வாராவாரம் துடைக்கிற தனம் அக்காதான் ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். "இதுல இன்னாத்துக்கு துன்னூறு?" எழுத்துகளின் மேல் லேசாக, வெள்ளையாக, விரல் பதிந்து விபூதி.

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எங்கள் ஆபீஸில் விபூதி விரல் யாருடையது என்பதற்குத் துப்பறிய வேண்டியதில்லை. பாஸ்வேர்டும் அவரிடம் மட்டும்தான். நோ மேடத்தின் பின்னால் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்று நின்று, எதை அடித்தால் எது திறக்கும் என்று மனிதர் பாடம் படித்திருக்கிறார். காதல் மனிதனைக் கவிஞனாக்கும் என்பார்கள். எங்கள் சாரை நெட்வொர்க் இன்ஜினியர் ஆக்கியது.

சிரிப்பெல்லாம் ஜூலை மாதம்வரைதான். ரிட்டர்ன் தாக்கல் செய்கிற நேரம். மேஜை, நாற்காலி, ஜன்னல் விளிம்பு எங்கும் ஃபைல். ஒரு மத்தியானம் இன்டர்நெட் நொண்டியது. எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், ஒருவரும் ஒன்றும் செய்யாமலிருக்க, ரூட்டர் விளக்கு மட்டும் வெறி பிடித்ததுபோல் சிமிட்டியது. நான் நோ மேடத்துக்கு மெயில் போட்டேன். எப்போதும் சாருடைய மெயில் வரும். என்னுடையதைப் பார்த்ததும் விஷயம் வேறு என்று புரிந்துகொண்டாரோ என்னவோ, ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

கறுப்புத் திரையைத் திறந்ததும் வரிகள் மழைபோல் விழுந்தன. அவர் படித்தார். அடுத்த நொடி எழுந்துபோய், வெளியிலிருந்து வருகிற ஒயரைப் பிடுங்கினார்.

"யாரோ வெளிய இருந்து பாஸ்வேர்ட் மாத்தி மாத்திப் போட்டு உள்ள வரப் பாத்திருக்கான். நிறுத்தாம தட்டியிருக்கான்."

"வந்துட்டானா?" என்றார் சார்.

நோ மேடம் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நானும் அக்காவும் வாசல்படியில் நின்றோம். கடைசியில் "வரல" என்றார். "ஆனா இங்க டெல்நெட் தொறந்திருக்கு. இந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து மட்டும்தான் உள்ள போலாம்னு நான் ஒரு பூட்டு போட்டிருந்தேன். அதுக்கு முன்னாடி யாரோ ஒரு 'நோ' போட்டு அதையும் எடுத்திருக்காங்க."

கீபோர்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். 'என்', 'ஓ' என்ற இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளிலும் கொழுகொழுவென்று விபூதி.

நாற்காலியைச் சாரின் பக்கம் திருப்பினார்.

"சார். டெல்நெட்ட யாரு யூஸ் பண்றாங்க?"

சார் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்த இடத்தை விட்டு அசைவதாக இல்லை.

"நான்தான்."

"எதுக்கு?"

"அது தொறந்திருந்தாத்தானே நீங்க வரேள்."

அக்கா என் கையைக் கிள்ளினார். வலித்தது; நான் கத்தவில்லை.

நோ மேடத்தின் முகம் சிவந்தது. வெட்கம் என்று நினைத்தேன். இல்லை, கோபம். "சார், உங்கள நம்பி எத்தன பேரு பேப்பர் குடுத்திருக்காங்க! ஒரு வயசானவங்களோட பென்ஷன் கணக்கு இதுல இருக்கு, ஒருத்தரோட வீட்டுப் பத்திரம் இருக்கு. நான் வரணுங்கறதுக்காக அத்தனையையும் நடுரோட்டுல வெச்சிருக்கீங்க. அவன் உள்ள வந்திருந்தா?"

"தப்புதான்" என்றார் சார். "பெரிய தப்பு. அந்தப் பூட்ட எடுத்தா என்ன ஆகும்னு நேக்குத் தெரியாது. தெரிஞ்சா தொட்டிருக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஃபோன் பண்ணிப் பேசியிருக்கலாமேன்னு கேப்பேள். உங்க ஃபோன்ல நான் இல்லையே" என்றார்.

நோ மேடம் திரையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். டெல்நெட்டை மூடினார். பூட்டைப் போட்டார். பாஸ்வேர்டை மாற்றினார். எழுதி வைத்தார். ஒயரைச் செருகினார். பையில் எல்லாவற்றையும் வைத்து ஒவ்வொரு ஜிப்பாக மூடினார். பிறகு சொன்னார்.

"இன்னியோட இந்த ஆபீஸ் வேலைய விட்டுடறேன் சார். வேற நல்ல ஆளா அனுப்பி வைக்கறேன். நீங்க இனிமே என் கஸ்டமர் இல்ல."

சார் தலையைக் குனிந்துகொண்டார். தண்டனை நியாயம்தான் என்பதுபோல் ஆட்டினார். பொட்டலத்தைக்கூட எடுக்கவில்லை. எனக்கு அந்த அம்மாள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்தவர்தான், ஆனாலும் இத்தனை பேர் எதிரில் ஒரு மனிதரை இப்படியா அறைந்து சாத்துவது? இவருக்கு மூடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதா?

ஆனால் நோ மேடம் எழுந்து போகவில்லை. பையில் ஒரு ஜிப்பை மறுபடி திறந்து ஃபோனை எடுத்தார்.

"நம்பர் சொல்லுங்க."

"என்னது?"

"உங்க நம்பர், சார். ஒருத்தர் யூஸ் பண்றாங்கன்னா மூடக் கூடாது. பத்திரமான வழி குடுத்துட்டுத்தான் மூடணும். மொத நாளே சொன்னேன்ல?"

சாருக்குத் தன்னுடைய நம்பர் மறந்துபோய்விட்டது. வாய் திறக்கிறது, மூடுகிறது, எண் வரவில்லை. நான்தான் வாசல்படியிலிருந்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவர் பதிந்துகொண்டார்.

பிறகு தனம் அக்காவைத் திரும்பிப் பார்த்து, "தனம், காபி இருக்கா?" என்றார்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அக்காவுக்கு உடனே உறைத்துவிட்டது. "இதோ வந்துட்டேம்மா" என்று அவர் மாடிப்படியில் ஓடிய ஓட்டத்தில் கட்டடமே அதிர்ந்தது.

அந்த வருஷக் கடைசியில் எனக்கு தி.நகரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன். செய்தியெல்லாம் தனம் அக்கா மூலம்தான். இரண்டு பக்கத்துச் சொந்தமும் முறைத்துக்கொண்டதும், இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாததும் தெரிந்தது. ஒருநாள் ஃபோனில் அக்கா, "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுகினாங்கோ. சாட்சிக் கையெழுத்து யாரு போட்டது தெரியுமா? நானாக்கும்" என்றார். அவர் வாயெல்லாம் பல்லாக இருந்தது ஃபோனிலேயே தெரிந்தது.

பிறகு என் கல்யாணப் பத்திரிகையை வைக்கச் சாந்தோமுக்குப் போனேன். கதவைத் தட்டக் கையை ஓங்கியவள் நிறுத்திக்கொண்டேன். வெற்று மூடி இருந்த இடத்தில் புத்தம் புது காலிங் பெல். வாசலில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஆண் செருப்பு. பெல்லை அழுத்தினேன். நோ மேடம் உடனே திறந்தார்.

"மேடம், இத யாரு யூஸ் பண்றாங்க?" என்றேன், பெல்லைக் காட்டி.

"அடி வாங்குவ" என்றார். "அவருக்குச் சாவி குடுத்திருக்கேன். ஆனாலும் பெல்லடிச்சுதான் வருவாராம்."

ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலிகள் கூடியிருந்தன. உள்ளேயிருந்து, "யாரு வந்திருக்கா?" என்று சாருடைய குரல் கேட்டது. காபி குடித்தேன், இரண்டாவது டம்ளரும் குடித்தேன், பத்திரிகையை வைத்தேன். கிளம்பும்போது மேடம் வாசல்வரை வந்தார். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த கேள்வியை அங்கேதான் கேட்டேன்.

"மேடம், அன்னிக்கு சார் நம்பர வாங்கினீங்களே, அதுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒரு ரீலோட் போட்டுட்டுத்தானே வாங்கினீங்க? சரிப்படலன்னா எல்லாம் பழையபடின்னு?"

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னிக்குன்னு பாத்து அதப் போட மறந்துட்டேன்மா."

சொல்லிவிட்டு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். கதவு அகலத் திறந்து கிடந்தது. நான்தான் சாத்திவிட்டு வந்தேன்.